செல்வர்களின் குளிர்காலம், பொதுமக்களின் தீவு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில், அட்லாண்டிக் அலைகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் தடுப்புத் தீவுகளில் ஒன்று ஜெக்கில். நீளம் சுமார் 11 கிலோமீட்டர், அகலம் அதிகபட்சம் இரண்டரை கிலோமீட்டர், பரப்பு ஏறத்தாழ 5,700 ஏக்கர். கிழக்கே மணற்கரை, மேற்கே உவர்நீர்ச் சதுப்பு, நடுவே ஓக் காடு. பிரன்ஸ்விக் நகரத்துக்குத் தெற்கே, சதுப்பின் குறுக்கே செல்லும் சுமார் 10 கிலோமீட்டர் சாலை தீவைப் பெருநிலத்தோடு இணைக்கிறது. அட்லாண்டாவிலிருந்து காரில் ஐந்து மணி நேரப் பயணம்.

கோடையில் இங்கே கூட்டம் நெரியும். பள்ளி விடுமுறை, வெதுவெதுப்பான கடல், முட்டையிட வரும் ஆமைகள் எல்லாம் சேர்ந்து வரும் காலம் அது. நவம்பர் பிறந்ததும் கடல் குளிர்ந்துவிடும். குளிப்பதற்கென்று வருபவர்கள் நின்றுவிட, கரை காலியாகிறது. அந்த நேரத்தில்தான் பனி கொட்டும் வட மாநிலங்களிலிருந்து வேறொரு கூட்டம் தெற்கே இறங்கி வருகிறது. சமையலறை, படுக்கை, கழிவறை எல்லாம் உள்ளடங்கிய ஆர்.வி. வண்டிகளில் வரும் இவர்களில் பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். வாரக்கணக்கில் தங்கிவிடுபவர்களும் உண்டு.

ஜெக்கிலுக்குக் குளிர்கால விருந்தாளிகள் புதியவர்கள் அல்லர். நூறாண்டுகளுக்கு முன் குளிர்காலம்தான் இந்தத் தீவின் உச்சப் பருவம். ஆனால் அன்று உள்ளே காலடி வைக்க, அமெரிக்காவின் பெரும் செல்வர்களில் ஒருவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர்களின் விருந்தாளியாகவோ வேலையாளாகவோ வர வேண்டும். இன்று வாசலில் வாகனக் கட்டணம் செலுத்தினால் போதும். அந்த மாற்றம் தானாக வந்ததல்ல. சட்டம் போட்டு, பணம் கொடுத்து, வழக்காடிப் பெற்றது.

நூறு பேருக்கு மட்டும்

1886-ல் வடகிழக்கு அமெரிக்காவின் தொழிலதிபர்கள் சிலர் ஒரு கிளப்பாக ஒன்றுகூடி, 1,25,000 டாலர் கொடுத்துத் தீவு முழுவதையும் வாங்கினார்கள். 1888-ல் கோபுரத்துடன் கூடிய கிளப் மாளிகை திறக்கப்பட்டது. உறுப்பினர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு 100. வங்கியாளர் ஜே.பி. மார்கன், ஸ்டாண்டர்ட் ஆயிலின் வில்லியம் ராக்ஃபெல்லர், பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர், வாண்டர்பில்ட் குடும்பத்தினர் எனப் பட்டியல் நீண்டது. புத்தாண்டு முடிந்ததும் வருவார்கள். வேட்டை, குதிரைச் சவாரி, விருந்து என்று காலம் கழித்து ஈஸ்டருக்குள் புறப்பட்டுவிடுவார்கள். அவரவர் வசதிக்கு ஏற்பச் சிலர் தனி மாளிகைகளும் கட்டிக்கொண்டார்கள்.

ஆளரவம் இல்லாத இந்த இடத்தில் அமெரிக்க வரலாற்றின் இரண்டு நிகழ்வுகள் நடந்தேறின. 1910 நவம்பரில் செனட்டர் நெல்சன் ஆல்ட்ரிச், வங்கியாளர் பால் வார்பர்க் உள்ளிட்ட ஒரு சிறு குழு, வாத்து வேட்டைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு இங்கே வந்து கூடியது. அவர்கள் ரகசியமாகத் தீட்டிய வரைவுதான், 1913-ல் ஃபெடரல் ரிசர்வ் என்ற மத்திய வங்கி அமைப்பு உருவாவதற்கு வழிவகுத்த திட்டங்களில் ஒன்று. 1915 ஜனவரி 25 அன்று, அமெரிக்காவின் கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இணைக்கும் தொலைபேசித் தடம் முறைப்படி தொடங்கப்பட்டது. நியூயார்க்கிலிருந்து கிரகாம் பெல், சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து தாமஸ் வாட்சன், வாஷிங்டனிலிருந்து ஜனாதிபதி உட்ரோ வில்சன் ஆகியோர் பேசிய அந்த அழைப்பில், ஏ.டி.&டி. நிறுவனத் தலைவர் தியோடர் வெய்ல் ஜெக்கிலில் இருந்தபடியே கலந்துகொண்டார்.

1930-களின் பொருளாதார வீழ்ச்சி கிளப்பை ஆட்டம் காண வைத்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய பிறகு, 1942-ல் கதவுகள் மூடப்பட்டன. போர் முடிந்தும் அவை பழையபடி திறக்கவில்லை. 1947-ல் ஆளுநர் மெல்வின் தாம்ப்சன் காலத்தில் ஜார்ஜியா அரசு 6,75,000 டாலருக்குத் தீவைக் கையகப்படுத்தியது. 1950-ல் அதை நிர்வகிக்க ஜெக்கில் தீவு ஆணையம் சட்டப்படி அமைக்கப்பட்டது. சாமானிய மக்களின் கைக்கு எட்டும் செலவில் தீவைத் திறந்துவிடுவதே அந்தச் சட்டத்தின் நோக்கம். 1954-ல் பாலம் வந்தது. கார் வைத்திருந்த குடும்பங்கள் வரத் தொடங்கின.

பொதுமக்கள் என்ற சொல்லுக்குள் அப்போது கறுப்பின மக்கள் வரவில்லை. நிறப் பாகுபாடு சட்டமாக இருந்த காலம் அது. தங்களுக்கும் கடற்கரை வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தியதன் விளைவாக, 1955-ல் தீவின் தென்முனையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரை அவர்களுக்கெனத் தனியாக ஒதுக்கப்பட்டது. ஜார்ஜியாவில் கறுப்பின மக்களுக்குக் கிடைத்த முதல் பொதுக் கடற்கரை அதுதான். நீதிமன்றம் வரை சென்ற போராட்டத்துக்குப் பின், 1964-ல்தான் தீவு முழுவதும் எல்லோருக்கும் திறந்தது.

ஓக் நிழலில் ஒரு தெரு

இன்று ஆர்.வி. வண்டிகளுக்கான முகாம் தளம் தீவின் வடமுனையில் இருக்கிறது. கிளைகளைப் பக்கவாட்டில் நீட்டி நிற்கும் லைவ் ஓக் மரங்கள் அங்கே கூரை போட்டிருக்கின்றன. குளிர்காலத்திலும் பசுமை மாறாத மரங்கள் அவை. கிளைகளிலிருந்து சாம்பல் நிறச் சடைகள் தொங்கும். ஸ்பானிஷ் மாஸ் என்று பெயர் இருந்தாலும் அது பாசி இல்லை. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த பூக்கும் செடி. மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்குமே தவிர, மரத்திலிருந்து எதையும் உறிஞ்சாது. மழையும் காற்றில் வரும் தூசியும்தான் அதற்கு உணவு.

ஆர்.வி. வண்டிகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, இயந்திரமும் வீடும் ஒன்றாக அமைந்த மோட்டார் ஹோம். பேருந்து அளவில் இருப்பது ஏ, வேன் அளவில் இருப்பது பி, லாரி அடிச்சட்டத்தின் மேல் கட்டியது சி எனப் பிரிக்கிறார்கள். இரண்டாவது, வேறொரு வண்டி இழுத்து வரும் டிரெய்லர். டிரெய்லரைத் தளத்தில் நிறுத்திவிட்டு, இழுத்து வந்த பிக்-அப் வண்டியைக் கடைக்கும் கரைக்கும் தனியே ஓட்டிச் செல்லலாம் என்பதால், நாள்பட்டுத் தங்குவோர் பலர் இதையே விரும்புகிறார்கள். ஜார்ஜியாவில் சொந்த உபயோகத்துக்கு ஆர்.வி. ஓட்ட வணிக உரிமம் தேவையில்லை. கார் ஓட்டும் உரிமமே போதும். ஆகவே வாடகைக்கு எடுத்து வருவோரும் இருக்கிறார்கள். வாடகை வண்டி ஓட்டுபவர் முதலில் மனதில் இருத்த வேண்டியது வண்டியின் உயரம். தாழ்ந்த ஓக் கிளையில் உரசினால் கூரையிலுள்ள ஏ.சி. பெட்டிதான் முதலில் போகும்.

வண்டியை இடத்தில் நிறுத்தியதும் செய்ய வேண்டிய வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தரை சாய்வாக இருந்தால் தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் பலகை கொடுத்து மட்டம் பார்ப்பது முதல் வேலை. எரிவாயுவில் இயங்கும் பழைய வகைக் குளிர்பெட்டி வண்டியில் இருந்தால், மட்டம் தவறியதும் அது சரியாகக் குளிரூட்டாது, நாளடைவில் பழுதாகும். அடுத்து மின்சாரம். கம்பத்திலுள்ள பெட்டியைத் திறந்து, விசையை அணைத்த பிறகே வண்டியின் தடித்த கேபிளைச் செருக வேண்டும். செருகி முடித்த பின் விசையைப் போட வேண்டும். பிறகு குடிநீர்க் குழாய். அழுத்தத்தைக் குறைக்கும் சிறு பித்தளைக் கருவி ஒன்றைக் குழாய்க்கும் ஹோஸுக்கும் நடுவே பொருத்துவார்கள். அது இல்லாவிட்டால் வண்டிக்குள் ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் வெடிக்கக்கூடும். கடைசியில் கழிவுநீர்க் குழாய்.

குளிர்காலத்தில் மின்சாரக் கணக்கு முக்கியமாகிறது. அமெரிக்காவில் முகாம் மின்சாரம் 120 வோல்ட். 30 ஆம்பியர் இணைப்பில் ஒரே நேரத்தில் 3,600 வாட் வரைதான் எடுக்க முடியும். ஒரு மின் கணப்பு 1,500 வாட் இழுக்கும். அதோடு மைக்ரோவேவும் தண்ணீர் சூடாக்கியும் ஓடினால் விசை விழுந்துவிடும். பெரிய வண்டிகளுக்கான 50 ஆம்பியர் இணைப்பில் இரண்டு தனித் தடங்கள் உண்டு. மொத்தம் 12,000 வாட் கிடைக்கும். மின்சாரம் போனாலும் கைகொடுப்பது புரொபேன் எரிவாயுவில் இயங்கும் கணப்பு. அதன் விசிறிக்கு வண்டியின் 12 வோல்ட் மின்கலம் போதும்.

ஜனவரியில் பகல் வெப்பம் சராசரியாக 16 டிகிரி செல்சியஸை ஒட்டியும், இரவு வெப்பம் 6, 7 டிகிரியை ஒட்டியும் இருக்கும். வடக்கிலிருந்து குளிர் அலை இறங்கும் சில இரவுகளில் தண்ணீர் உறையும் நிலைக்குப் போவதும் உண்டு. அன்று மாலையே வெளியிலுள்ள ஹோஸைக் கழற்றி வடித்துவிட்டு, வண்டியின் சொந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. குளிருக்குப் பயந்து எல்லாச் சன்னல்களையும் இறுக மூடினால் வேறு தொல்லை வரும். மூச்சும் சமையல் ஆவியும் சுவரில் நீராகப் படிந்து, மெத்தையின் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். கூரைத் திறப்பை ஒரு விரற்கடை திறந்து வைப்பதே அதற்கு மருந்து.

கடல் தின்னும் வடக்கு, கடல் வளர்க்கும் தெற்கு

முகாமிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் டிரிஃப்ட்வுட் கடற்கரை இருக்கிறது. மணலில் வேரோடு சாய்ந்து கிடக்கும் ஓக், பைன் மரங்கள் வெயிலிலும் உப்பிலும் தோலுரிந்து வெளிறிப்போய்க் கிடக்கின்றன. பெயரைப் பார்த்து இவை வேறெங்கிருந்தோ மிதந்து வந்த கட்டைகள் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலானவை அதே இடத்தில் முளைத்து, அதே இடத்தில் விழுந்தவை. கடல் உள்ளே வர வர, உப்புநீர் வேரைத் தொட்டு மரம் பட்டுப்போகிறது. அலை மணலை அரித்ததும் சாய்கிறது. பட்டையற்ற அடிமரத்தை அருகில் சென்று பார்த்தால், வேர்களின் இடுக்கில் அலை கொண்டுவந்து செருகிய சிப்பிகளும், தண்ணீர் வரும் உயரம்வரை அப்பியிருக்கும் கொட்டலசுகளும் தெரியும். கடல் எதுவரை ஏறுகிறது என்பதை அவை காட்டிவிடுகின்றன.

இந்தக் கரையோரத்தில் மணல் பொதுவாக வடக்கிலிருந்து தெற்கே நகர்கிறது. தீவின் வடமுனை இழக்கும் மணலில் ஒரு பகுதி தென்முனையில் சேர்கிறது. அதனால் ஒரே தீவின் ஒரு முனையில் காடு கடலில் விழுந்துகொண்டிருக்க, மறுமுனையில் புதிய மணல்மேடுகளில் புல் முளைக்கிறது. வடக்கே பிரன்ஸ்விக் துறைமுகத்துக்குப் போகும் கப்பல் தடத்தை ஆழப்படுத்தித் தூர்வாருவதும் தீவுக்கு வந்து சேர வேண்டிய மணலைக் குறைக்கிறது. 1964-ல் டோரா புயல் கரையைக் கிழித்த பிறகு கற்களைக் கொட்டித் தடுப்பு அமைத்தார்கள். அன்றைய ஜனாதிபதியின் பெயரால் அவை ஜான்சன் பாறைகள் எனப்படுகின்றன.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இங்கே நீர்மட்டம் இரண்டு மீட்டருக்கு மேல் மாறுகிறது. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் இது மிக அதிகம். வற்றத்தில் கரை அகன்று, இறுகிய மணலில் மிதிவண்டியே ஓட்டலாம். ஏற்றத்தில் டிரிஃப்ட்வுட் கடற்கரையின் பல பகுதிகளில் நிற்க இடம் இருக்காது. ஆகவே அங்கே போவோர் கடிகாரத்தைவிட ஓத அட்டவணையை நம்ப வேண்டும். கட்டைகளை எடுத்துச் செல்லத் தடை இருக்கிறது. விழுந்த மரங்களும் மணலைப் பிடித்து வைக்க உதவுகின்றன என்பது அதற்கு ஒரு காரணம்.

கோடையில் காணாத உயிர்கள்

உலகின் மிக அரிய திமிங்கிலங்களில் ஒன்றான வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம், குட்டி ஈனுவதற்குக் குளிர்காலத்தில் ஜார்ஜியா, ஃபுளோரிடா கடலோரத்துக்கு வருகிறது. இன்று உயிரோடு இருப்பவை 400-க்கும் குறைவு. கப்பல் மோதுவதும் மீன்பிடிக் கயிறுகளில் சிக்குவதும் அவற்றை அழிவின் விளிம்புக்குத் தள்ளியிருக்கின்றன. நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, அவை குட்டி ஈனும் கடற்பகுதியில் 65 அடியோ அதற்கு மேலோ நீளமுள்ள கப்பல்கள் 10 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது. எந்தப் படகும் 500 கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது. கரையிலிருந்து திமிங்கிலம் கண்ணில் படுவது அபூர்வம். ஆனாலும் அவை வரும் காலத்தில் அதே கரையில் தங்குபவர்கள் இந்த விதிகளின் தேவையை அறிந்திருப்பது நல்லது.

பறவைகளைப் பார்க்கக் கரையே போதும். வடக்கே கூடு கட்டும் பைப்பிங் ப்ளோவர் முதலிய சிறு கரைப்பறவைகள் குளிர்காலத்தை இங்கே கழிக்கின்றன. சிவந்த நீண்ட அலகால் சிப்பியைத் திறக்கும் ஆய்ஸ்டர்கேட்சரைத் தென்முனையில் காணலாம். வெண்தலைக் கழுகு ஜார்ஜியாவில் கூடு கட்டுவதும் குளிர்காலத்தில்தான். முதலைகள் நீரோரத்தில் அசையாமல் வெயில் காயும். குளிரில் அவை மந்தமாகிவிட்டாலும் அருகே போகக் கூடாது.

ஆமைகள் கரையேறும் பருவம் மே மாதத்தில்தான் தொடங்கும். ஆனால் 2007-ல் திறக்கப்பட்ட ஜார்ஜியா கடலாமை மையம் குளிர்காலத்திலும் இயங்குகிறது. கிளப் காலத்து மின் நிலையக் கட்டடத்தில் அமைந்த ஆமை மருத்துவமனை அது. வடக்கே நியூ இங்கிலாந்து கடலில் திடீர்க் குளிரில் விறைத்துக் கரையொதுங்கும் ஆமைகளைத் தென்மாநில மருத்துவமனைகளுக்கு விமானத்தில் அனுப்புவது வழக்கம். அவற்றில் சில இங்கே வந்து சேர்கின்றன. ஓட்டில் படகு விசிறி வெட்டிய காயத்துக்கு மருந்திடுவதைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்வையாளர்கள் காணலாம்.

மிதிவண்டித் தொலைவில் வரலாறு

தீவில் 30 கிலோமீட்டருக்கு மேல் மிதிவண்டிப் பாதை இருக்கிறது. எங்கும் மேடு கிடையாது. முகாமிலிருந்து மேற்குக் கரையோரம் சற்றுத் தூரம் போனால் ஹார்ட்டன் வீட்டின் சுவர்கள் நிற்கின்றன. பிரிட்டிஷ் படை அதிகாரி வில்லியம் ஹார்ட்டன் 1743-ல் கட்டிய வீடு இது. சுவர் டாபி என்னும் கலவையால் ஆனது. சிப்பி ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்து, மணலும் தண்ணீரும் முழுச் சிப்பிகளும் சேர்த்து, பலகை அச்சில் ஊற்றி இறுக்குவார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பில் வீடு கட்டிய தமிழகக் கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்த வேலையில் பாதி பழகியது. சுவரின் மேல்பூச்சு உதிர்ந்த இடங்களில், பதிந்திருக்கும் சிப்பிகளை இன்றும் ஒவ்வொன்றாக எண்ணலாம்.

தென்முனையில் இருப்பது வலி மிகுந்த வரலாறு. அடிமைகளை இறக்குமதி செய்வதற்கு அமெரிக்கா 1808-லேயே தடை விதித்திருந்தும், 1858 நவம்பரில் வாண்டரர் என்ற கப்பல் ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவந்த 400-க்கும் மேற்பட்ட மனிதர்களை இங்கே இறக்கியது. ஏறத்தாழ 80 பேர் வழியிலேயே இறந்திருந்தார்கள். அமெரிக்காவுக்கு வந்த கடைசி அடிமைக் கப்பல்களில் ஒன்று அது. செயின்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரையில் அமைந்த நினைவுப் பாதை அவர்களின் கதையைச் சொல்கிறது.

நடுவே கிளப் காலத்து மாளிகைகள். பழைய கிளப் கட்டடம் இப்போது ஹோட்டல். 1904-ல் மரத்தால் கட்டிய ஃபெய்த் தேவாலயத்தில் டிஃபனி வண்ணக் கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. நவம்பர் இறுதியிலிருந்து புத்தாண்டு வரை இந்தப் பகுதி முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விளக்குகளால் ஒளிரும். ஜனவரி, பிப்ரவரியில் கடற்கரையில் ஒரு தேடல் நடக்கும். தன்னார்வலர்கள் ஒளித்து வைக்கும் உருண்டையைக் கண்டெடுப்பவர், அதைக் கொடுத்துக் கையால் ஊதிச் செய்த கண்ணாடி மிதவையைப் பெற்றுக்கொள்ளலாம்.

சமையல் பெரும்பாலும் வண்டியில்தான். ஜார்ஜியா இறால் இந்தப் பகுதியின் பெருமை. இறால், சோளக்கதிர், உருளைக்கிழங்கு, சாசேஜ் எல்லாவற்றையும் ஒரே பானையில் மசாலாவோடு வேகவைத்து, தண்ணீரை வடித்து, காகிதம் விரித்த மேசையில் கொட்டி எல்லோரும் சுற்றி நின்று சாப்பிடுவது கடலோர வழக்கம். பக்கத்து வண்டிக்காரர்கள் பழக்கமாவது இப்படிப்பட்ட சாப்பாட்டில்தான். தூண்டில் போட விரும்புவோருக்குக் கிளாம் கிரீக்கில் மீன்பிடி மேடை இருக்கிறது. ஜார்ஜியாவின் மீன்பிடி உரிமம் வாங்கிய பிறகே போட வேண்டும்.

எதிர்பார்க்கக் கூடாதவை

பருவமல்லாத காலத்துக்கு அதற்கே உரிய குறைகள் உண்டு. கடலில் குளிக்க முடியாது. நீர்விளையாட்டுப் பூங்கா மூடியிருக்கும். சில உணவகங்கள் சீக்கிரமே சாத்திவிடும். டிசம்பரில் மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். காலையில் சதுப்பின் மேல் மூடுபனி படர்ந்தால் பாலத்துச் சாலையில் வண்டியை மெல்லத்தான் ஓட்ட வேண்டும். திடீர்க் காற்று வண்டியின் பக்கவாட்டுப் பந்தலைப் பிய்த்துவிடும் என்பதால், வெளியே கிளம்பும் முன் அதைச் சுருட்டி வைப்பது நல்லது. மறுபக்கம், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பிடுங்கி எடுக்கும் கண்ணுக்குத் தெரியாத மணல் கொசுக்கள் நடுக்குளிரில் அடங்கிப்போகின்றன. 2016-ல் மேத்யூ, 2017-ல் இர்மா என்று தீவையே காலி செய்ய வைத்த புயல்களின் பருவமும் நவம்பர் 30-ஓடு முடிகிறது.

புறப்படும் நாளிலும் வரிசை மாறக் கூடாது. முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறந்து வடித்து, அதன் பிறகு குளியல், சமையல் தொட்டியைத் திறக்க வேண்டும்; பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கடற்காற்றின் உப்பு அடிச்சட்டத்தை அரிக்கும் என்பதால், தீவை விட்டு வந்ததும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உறைபனி நீடிக்கும் வடக்குக்குத் திரும்புவோர் குழாய்களை வடித்து, குடிநீர்க் குழாய்களுக்கென்றே விற்கும் உறைதடுப்புத் திரவத்தை நிரப்ப வேண்டும்.

யார் காசில் நிற்கிறது தீவு

ஜெக்கிலின் நிலம் முழுவதும் மாநில அரசுக்குச் சொந்தம். அங்கே வீடு வைத்திருப்பவர்களும் ஹோட்டல் நடத்துபவர்களும் மனையைக் குத்தகைக்குத்தான் எடுத்திருக்கிறார்கள். தீவில் கட்டடங்களும் சாலைகளும் கோல்ஃப் மைதானங்களும் சேர்ந்து எவ்வளவு இடம் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கும் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. தீவின் 65 சதவீதம் கட்டடமின்றி இருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. சதுப்பைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா என்ற சச்சரவுக்குப் பின், 2014-ல் அந்த விகிதத்தை விட்டுவிட்டு, மேம்படுத்தும் நிலம் 1,675 ஏக்கரைத் தாண்டக் கூடாது என்று எண்ணிக்கையாகவே எழுதிவிட்டார்கள். கடலோர நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் நாட்டில், இந்த ஒற்றை எண்தான் ஓக் காட்டுக்கு வேலி.

ஆணையம் மாநில வரிப்பணத்தை நம்பி இயங்குவதில்லை. வாசலில் வசூலாகும் வாகனக் கட்டணம், குத்தகை, கோல்ஃப், முகாம் தள வாடகை ஆகியவற்றிலிருந்துதான் சாலையும் காவலும் காட்டுப் பராமரிப்பும் நடக்கின்றன. கோடைக் கூட்டம் போன பிறகும் இந்தச் செலவுகள் குறைவதில்லை. நூறு குடும்பங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருந்த ஒரு குளிர்காலத்தை, இன்று டிரெய்லர் இழுத்து வரும் ஓய்வூதியக்காரர்கள் அனுபவிக்கிறார்கள். அவர்கள் செலுத்தும் வாடகை, அடுத்த கோடையில் வரப்போகும் குழந்தைகளுக்கும் சேர்த்து அந்தத் தீவைப் பொதுச் சொத்தாகக் காப்பாற்றுகிறது.